பொருள்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும் (ஆன்டிஆக்சிடன்ட்)

உட்லண்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள சிங்கப்பூர்த் தமிழ்ச் சொற்குழுவினருக்கு, எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் மூத்தோருக்கான சத்துணவுக் கண்காட்சி. வைட்டமின் ஈ பலகை என் தலையில் விழுந்திருக்கிறது. நான்கு மொழிக்கும் ஒரே அகலக் கட்டம். சீனத்தில் ஐந்தே எழுத்தில் முடித்துவிட்டார்கள். நான் ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்’ என்று போட்டேன். ‘பொருள்’ கட்டத்துக்கு வெளியே தொங்குகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சுருக்கமாக ஏதாவது?

பிடோக் தமிழாசிரியர் (ஓய்வு):
ஆக்சிஜனை ஏன் கட்டி அழ வேண்டும்? உயிர்வளி இருக்கிறதே. ‘உயிர்வளியேற்றத் தடுப்பி’.

வேதியியல் ஆசிரியை:
ஐயா, சுருக்கம் கேட்டார். அதோடு, வளியேற்றம் என்றால் என் மாணவர்கள் சைக்கிள் டியூபுக்குக் காற்றடிப்பார்கள். இங்கே நடப்பது எலக்ட்ரான் பறிப்பு. இணையில்லாத எலக்ட்ரானோடு அலையும் துகளான தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்), செல் சவ்வின் கொழுப்பிடம் பறிக்கிறது. பறிகொடுத்த கொழுப்பு பக்கத்துக் கொழுப்பிடம் பறிக்கிறது. சவ்விலேயே உட்கார்ந்திருக்கும் வைட்டமின் ஈ தன்னுடையதைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கிறது. அதை மறுபடி தேற்றிவிட வைட்டமின் சி வரும்.

யாழ்ப்பாணத்து அக்கா, அங் மோ கியோ:
துருப்பிடிப்பதும் ஆக்சிஜனேற்றம்தானே? துருவை எங்கட ஊரில் கறள் என்போம். ‘கறள்காப்பு’ என்றால் கட்டத்துக்குள் அடங்கும். நேற்று அலமாரியின் மூலையில் கிடந்த கடலை எண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன், குப்பென்று காறல் வாடை. கறள், காறல் இரண்டும் ஒரே வேரோ?

வேதியியல் ஆசிரியை:
வேர் தெரியாது அக்கா. ஆனால் அந்த வாடையும் சவ்வில் நடப்பதும் ஏறக்குறைய ஒரே வினைதான்.

(தொகுத்தவர் குறிப்பு: இதற்குப் பின் கறு, கறை, கறள் பற்றிப் பதினோரு மடல்கள். நெல்லிக்கனியும் வந்து போனது. விட்டுவிடுகிறேன்.)

காலாங் அண்ணன்:
மூத்தோருக்குத்தானே? ‘மூப்புத்தடுப்பி’.

வேதியியல் ஆசிரியை:
வேண்டவே வேண்டாம். தனி உறுப்புகளால்தான் மூப்பு வருகிறது என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க அறிவியலாளர் சொன்னார், அழகான கருத்து. ஆனால் 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினமும் 400 அலகு வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிட்ட ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாக வந்தது. பாதாம், சூரியகாந்தி விதை, கீரை என்று எழுதுங்கள். மூப்பைத் தடுக்கும் என்று எழுதினால் தாத்தாக்கள் நேரே மருந்துக்கடைக்குப் போய்விடுவார்கள்.

பிடோக் தமிழாசிரியர்:
இரவெல்லாம் தூக்கமில்லை. வைட்டமின் ‘ஈ’! ஈ, தா, கொடு மூன்றும் இரக்கும்போது வரும் சொற்கள் என்கிறது தொல்காப்பியம். ‘ஈ என் கிளவி இழிந்தோன் கூற்றே.’ தனி உறுப்போ ஏதும் இல்லாதவன். ‘ஈ’ என்று வந்து நிற்கிறது. கொடுப்பதன் பெயரும் ஈ. ஆகவே ‘ஈவி’. இரண்டே எழுத்து!

வேதியியல் ஆசிரியை:
ஐயா, ரசித்தேன், உண்மையாகவே. ஆனால் தனி உறுப்பு இரப்பதில்லை, பறிக்கிறது. வைட்டமின் சி-யும் ஈகிறதே, அதுவும் ஈவியா?

பிடோக் தமிழாசிரியர்:
ஆம். ஈபவை எல்லாம் ஈவி.

காலாங் அண்ணன்:
1922இல் வைட்டமின் ஈ-யைக் கண்டுபிடித்த எவன்ஸ், அதற்குப் பெயர் வைக்க ஒரு கிரேக்க மொழிப் பேராசிரியரைக் கேட்டாராம். பிள்ளைப்பேற்றைத் தருவது என்று பொருள்வர ‘டோக்கோஃபெரால்’ என்று அவர் சொல்ல, கதை முடிந்தது. எலிகள் குட்டி போட இது தேவைப்பட்டதால் அந்தப் பெயர். அவர்களுக்கு ஒரு பேராசிரியர், நமக்கு நாற்பது மடல்.

உட்லண்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:
நன்றி எல்லாருக்கும். ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பி’ என்று நால்வர் சொன்னார்கள், அதையே அனுப்பிவிட்டேன். அதுவும் கட்டத்துக்குள் அடங்கவில்லை, எழுத்தைச் சிறிதாக்கினார்கள். மூத்தோர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கட்டும். அக்காவின் எண்ணெய் வாடையைக் கீழே ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன்.

பிடோக் தமிழாசிரியர்:
அடுத்த பலகைக்காவது ஈவி.