மகளிர் கிரிக்கெட் ஊதியம் பற்றிய கருத்துக் கட்டுரை: வாதத்தை எப்படி வலுவாக்குவது?

கோத்தகிரி மாணவி:
உதகையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மகளிர் அணிக்கு ஆண்களுக்கு இணையான ஊதியம் வேண்டும் என்று கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதியுள்ளேன். கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பில் தொடங்கி, 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று உலகக் கோப்பையைப் பெற்றதில் முடித்திருக்கிறேன். உணர்ச்சி இருக்கிறது, வாதம் இல்லை என்கிறார்கள் தோழிகள். எதை மாற்றலாம்?

குன்னூர்க்காரர்:
உங்கள் கோரிக்கையில் ஒரு பகுதி ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. 2022 அக்டோபரிலேயே கிரிக்கெட் வாரியம் ஆட்ட ஊதியத்தைச் சமமாக்கி, டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம் ரூபாய் என அறிவித்தது. இது தெரிந்த வாசகர் முதல் பத்தியோடு நிறுத்திவிடுவார். சமமாகாமல் நின்றது ஆண்டு ஒப்பந்தம்தான், அதாவது ஆட்ட ஊதியம் தவிர வாரியம் பிரிவுவாரியாக ஆண்டுக்குத் தரும் தொகை: 2024-25இல் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். டெஸ்ட் ஊதியத்தையும் சற்று ஆராயுங்கள். 2014 நவம்பருக்குப் பின் 2021 ஜூன் வரை இந்திய மகளிர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஆட்டமே தராமல் ஆட்ட ஊதியத்தை மட்டும் சமமாக்குவதால் பயன் குறைவு.

தேயிலைத் தொடக்கத்தை நீக்கிவிடுங்கள். நம் மாவட்டத்தில் அதைப் படிப்பவரின் மனம் பசுந்தேயிலை விலைக்குப் போய்விடும், கிரிக்கெட்டுக்குத் திரும்பாது.

கேத்தி வாசகர்:
நான் எதிர்த்தரப்பு. ஐபிஎல்லின் 2023-27 ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது. மகளிர் பிரீமியர் லீகின் ஐந்தாண்டு உரிமை 951 கோடிக்கு. ஈட்டுகிறவருக்கே ஊதியம் என்று நான் சொன்னால் கட்டுரையில் என்ன பதில் இருக்கிறது?

குன்னூர்க்காரர்:
இந்த எண்களை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள், தங்கையே. மறைத்தால் வாசகர் வேறிடத்தில் கண்டுபிடித்து உங்களை நம்பாமல் போவார். அதன்பின், ஐபிஎல் 2008இலும் மகளிர் லீக் 2023இலும் தொடங்கியதையும், ஐந்து மகளிர் அணிகளை விற்றே வாரியம் 4,669.99 கோடி திரட்டியதையும் சொல்லலாம். ஆனால் வலுவான பதில் ஆண்களின் ஆண்டு ஒப்பந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. 2014க்குப் பின் ஐபிஎல்லில் ஓர் ஆட்டமும் ஆடாத சேதேஷ்வர் புஜாரா 2019-20இல் 5 கோடிப் பிரிவில் இருந்தார். அவருடைய டெஸ்ட் ஆட்டத்தின் மதிப்புக்காகவே அது வழங்கப்பட்டது, சரியாகவே வழங்கப்பட்டது. ஆண்களுக்குப் பொருந்தும் இந்த அளவுகோல் உலகக் கோப்பை வென்ற பெண்களுக்கு ஏன் பொருந்தாது என்று கேளுங்கள்.

கேத்தி வாசகர்:
புஜாரா எடுத்துக்காட்டுக்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. இருந்தாலும் ஒப்பந்தத் தொகை எவ்வளவு உயர வேண்டும், எந்த ஆண்டுக்குள் என்பதைக் கடைசிப் பத்தியில் எழுதுங்கள். அது இல்லாத கட்டுரையைத் தலையசைத்துவிட்டுக் கடந்துவிடுவேன்.