பாறசாலை சேச்சிக்கு போலீஸ் வெரிபிகேஷன் எங்க எடுக்கணும்?

அக்காமாரே, ஒரு உதவி வேணும். களியக்காவிளைல எனக்க வீட்டுலயே 6 பிள்ளைகள பாத்துக்கிடுறேன், இப்ப ஒத்தாசைக்கு பாறசாலைல இருந்து ஒரு சேச்சி வாறாங்க, வீடு கேரளா வேலை தமிழ்நாடு, அப்ப போலீஸ் கிளியரன்ஸ் அவங்க அங்க கேரளா போலீசுக்க துணா போர்ட்டல்ல எடுக்கணுமா இல்ல நான் இங்க தமிழ்நாடு போலீஸ் சைட்ல வெரிபிகேஷன் போடணுமா, ரெண்டும் வேணுமா?

ஆதார முழுசா வாட்சப்புல அனுப்பிட்டாங்க, நான் உடனே டெலீட் பண்ணிட்டு கடைசி 4 நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் வாங்கிட்டேன். இப்ப ஒரு பிள்ளைக்க அம்மா சர்டிபிகேட் வந்ததும் பேரன்ட்ஸ் குரூப்புல போடணும்னு ஒரே பிடியா நிக்கிறாங்க. பிள்ளைய விட்டுட்டு போறவங்களுக்க பயம் நியாயம்தான், ஆனா சேச்சிக்க அட்ரஸ் எல்லார் போனுக்கும் போறது எனக்கு சரியா படல, வீட்டுக்கு வந்தா நேர்ல காட்டலாம்னு நினைக்கேன். நீங்க எல்லாம் எப்படி செய்றீங்க? வேலைய விட்டு போனவங்களுக்க பேப்பர என்ன பண்ணுவீங்க? திங்கள்கிழமைக்குள்ள தெரிஞ்சா நல்லது.