ஃபோர்ட் கொச்சியில் ஓவிய ஹாஸ்டல்: தங்கியவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நுண்கலை படிக்கும் என் மகளும் நானும் அடுத்த மாதம் கொச்சி போகிறோம். மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, பக்கத்திலேயே இருக்கும் யூத ஆலயம் சனிக்கிழமை திறக்காது. அதனால் ஞாயிறு முதல் செவ்வாய் வரை என்று முடிவு செய்தோம்.

தங்குவதற்கு அவளே ஒரு ஹாஸ்டல் பார்த்து வைத்திருக்கிறாள். படத்தில் மாடிப்படி ஒவ்வொன்றும் ஒரு நிறம். அடுக்குக் கட்டிலை ஒட்டிய சுவர் முழுக்கப் பச்சை பூசிய கதகளி முகம், கண் மட்டுமே ஒரு முழம் இருக்கும். பார்த்ததும் எனக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பலர் சேர்ந்து தங்கும் டார்மிட்டரி அறையில் நான் தங்கியதே இல்லை. இந்த மாதிரி இடங்களில் பெண்களுக்குத் தனி அறை இருக்குமா? லாக்கருக்குப் பூட்டு நாமே கொண்டுபோக வேண்டுமா? எனக்கு மூட்டு வலி, மேல் கட்டிலில் ஏற முடியாது. முன்கூட்டியே சொன்னால் கீழ்க் கட்டில் ஒதுக்குவார்களா?

அப்புறம், எர்ணாகுளத்தில் இறங்கி ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் வருவதாக எண்ணம். ஃபோர்ட் கொச்சி படகுத்துறையிலிருந்து நடக்கிற தூரத்தில் நீங்கள் தங்கிய நல்ல இடம் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று, அறைதான் பாக்கி.