எம்எக்ஸ்-5 1.6: ஜிடி2554ஆர் போதுமா? பைப் 2.5 இன்ச்சா, 3 இன்ச்சா?

கேள்வி:
1990 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1597 சிசி, கம்ப்ரஷன் 9.4:1, இன்ஜினுக்குள் எல்லாமே ஒரிஜினல். இதுக்கு டர்போ போடப் போறேன், க்ராங்கில் 200 குதிரைத்திறன் போதும். ஆனால் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை வேணும். கேரட் கம்பெனியின் ஜிடி2560ஆர் டர்போ ஒன்று விலைக்கு வருது. வாங்கலாமா, அதைவிடச் சின்ன ஜிடி2554ஆர் தேடணுமா? டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் பைப் எல்லாம் 3 இன்ச் போடச் சொல்றாங்க.

பதில் 1:
முதல்ல காற்றுக் கணக்கு. 200 குதிரைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 9 கிலோ காற்று, அதாவது 20 பவுண்ட். உங்க இன்ஜின் 6500 ஆர்பிஎம்மில், சிலிண்டர் 90% நிரம்பினால், நிமிஷத்துக்கு 4.7 கன மீட்டர் இழுக்கும். இன்டர்கூலருக்கு (டர்போவில் சூடான காற்றைக் குளிர்விப்பது) பிறகு 45 டிகிரி என்று வைத்தால், இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து விடும் மேனிஃபோல்டில் 0.75 பார் பூஸ்ட் (வெளிக் காற்றழுத்தத்துக்கு மேலான அழுத்தம்) வேணும். பைப், கூலர் இழப்பு 0.1 பார் சேர்த்தால் பிரஷர் ரேஷியோ (கம்ப்ரஸருக்குப் பின் அழுத்தம் ÷ முன் அழுத்தம்) 1.9 வரும். கம்ப்ரஸர் மேப்பில் (காற்று அளவுக்கு எதிரே பிரஷர் ரேஷியோ காட்டும் வரைபடம்) 1.9-க்கு நேரே 20 பவுண்டில் புள்ளி வையுங்க. 3500 ஆர்பிஎம்முக்கும் ஒரு புள்ளி வைத்து, அது சர்ஜ் கோட்டுக்கு (இதைத் தாண்டி இடப்பக்கம் போனால் காற்று பின்னால் தள்ளித் திணறும்) வலப்பக்கம் இருக்கான்னு பாருங்க.

இரண்டு டர்போவிலும் புகையில் சுழலும் டர்பைன் ஒண்ணுதான்: 53 மி.மீ., ஹவுசிங் அளவு (ஏ/ஆர்) 0.64. வித்தியாசம் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீல்: 2554-ல் 54.3, 2560-ல் 60.1 மி.மீ. கேரட் போட்டிருக்கும் உச்சம் முறையே 270, 330 குதிரை. 200-லேயே நிறுத்துவீங்கன்னா 2554 எடுங்க, பூஸ்ட் சீக்கிரம் ஏறும். பின்னால் 250 ஆசை வரும்னா 2560.

பதில் 2:
பைப் விஷயத்தில் 3 இன்ச் வீண். இந்த ஓட்டத்துக்கு 2 இன்ச் பைப்பிலேயே வேகம் நொடிக்கு 43 மீட்டர்தான், 2.5-ல் 28. கவலைப்பட வேண்டிய அளவு 130-க்கு மேல. டர்போவிலிருந்து கூலர் வரை 2, கூலரிலிருந்து த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர் திறக்கும் காற்று வால்வு) வரை 2.5 போடுங்க, வளைவு பெரிய ரேடியஸில் இருக்கட்டும். அதுக்காக 3 இன்ச் போட்டால் லேக் (பூஸ்ட் ஏறத் தாமதம்) பயங்கரமா வரும்னு சொல்றதும் மிகைதான். 2 மீட்டர் நீளத்துக்கு 2.5-ஐ விட 2.7 லிட்டர் கூடுதல், அவ்வளவுதான். இடம் அடைக்கும், முன் பம்பருக்குள் முட்டும், அதுதான் தொல்லை.

தாராளம் வேண்டிய இடம் கம்ப்ரஸருக்கு முன்னால. அங்கே 0.07 பார் இழந்தால் அதே பூஸ்டுக்கு ரேஷியோ 1.9-லிருந்து 2.05 ஆயிடும், காற்று கூடுதலா சூடாகும். அந்தப் பக்க ஹோஸில் உள்ளே கம்பிச் சுருள் இருக்கணும். இல்லேன்னா உறிஞ்சலில் நசுங்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒரிஜினல் ஏர்ஃப்ளோ மீட்டரை வைத்துக்கலாமா?

பதில் 3:
வேண்டாம். அது கதவு மாதிரி திறக்கும் ஃப்ளாப் வகை. முழுசாத் திறந்த பிறகு காற்று கூடினாலும் சிக்னல் மாறாது. பெட்ரோல் குறைஞ்சு டெட்டனேஷன் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வந்து பிஸ்டனில் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு இடையிலான விளிம்பு) உடையும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்ஸரோடு தனி இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) போட்டு, இன்ஜெக்டரை நிமிஷத்துக்கு 400 சிசி ஆக்குங்க (85% ட்யூட்டியில், அதாவது 85% நேரம் திறந்திருந்தால், 370 வேணும்). முதல் ட்யூனிங்கை 0.4 பாரில் முடிச்சிட்டு ஏத்துங்க.

பைப் நுனியில் பீட் (ஹோஸ் நழுவாமல் பிடிக்கும் மேடு) உருட்டாமல் கிளாம்பை மட்டும் நம்பினால் ஹோஸ் கழன்று ஓடும். மாட்டியதும் கம்ப்ரஸர் வாயை அடைச்சு 1 பார் காற்று விட்டு, மூட்டுகளில் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. த்ராட்டில் மூடியிருக்கணும். இரண்டும் பால் பேரிங் டர்போ என்பதால் ஆயில் லைனில் 1 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் ஓட்டத்தைக் குறைக்கும் சிறு துளை) மறக்காதீங்க.