நுவரெலியாவில் ஓட்டோகிளேவ் சூடு போதவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நுவரெலியாவில் ஒரு பாத சிகிச்சை கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். நகவெட்டி, கத்திப்பிடி எல்லாம் கிருமி போக நீராவியில் அவிக்கும் ஓட்டோகிளேவ் சரியாக வேலை செய்யவில்லை. வெளியே ஒட்டும் டேப் நிறம் மாறுகிறது. ஆனால் சூடு போதுமா என்று பார்க்கப் பொதிக்குள் வைக்கும் காட்டிப் பட்டி முழுதாக நிறம் மாறுவதில்லை.

18 லீட்டர், மேல்மூடி, கரண்டில் ஓடுவது. அழுத்தமானி மட்டும் உண்டு, வெப்பமானி இல்லை. அழுத்தம் 15 இறாத்தல் வந்ததும் 20 நிமிடம் விடுகிறேன். கண்டியில் இதே கணக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் இங்கே கொண்டுவந்த பிறகுதான் இப்படி.

றப்பர் வாசர் புதிது போட்டேன். காற்றுப் போக 10 நிமிடம் வால்வைத் திறந்து வைத்தேன். கருவிகளைக் குறைத்தேன், வேறு பெட்டியில் இருந்து எடுத்த காட்டிப் பட்டியும் வைத்துப் பார்த்தேன். அப்புறம் 30 நிமிடம் விட்டதில் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். இங்கே உயரம் ஏறக்குறைய 1,870 மீற்றர், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் மானி 15 காட்டினாலும் உள்ளே வேண்டிய 121 பாகை சூடு வருவதில்லை என்று நினைக்கிறேன்.

வருகிறவர்களில் அநேகர் சீனி வருத்தமுள்ள தோட்டத்து அம்மாக்கள். சின்னக் கீறலும் புண்ணாகிவிடும். அதனால் இப்போது கருவிகளை வெளியே கொடுத்துத்தான் அவித்து எடுக்கிறோம்.

மலைநாட்டில் இந்த மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள் எத்தனை இறாத்தலில், எத்தனை நிமிடம் விடுகிறீர்கள்?