மறுமொழி: ரீஜண்டுக்குத் தமிழில் என்ன? (டென்மார்க் மார்கரெட் கட்டுரை)

அனைவருக்கும் வணக்கம். டென்மார்க்கை ஆண்ட மார்கரெட் பற்றிய என் கட்டுரைக்காக, 'ரீஜண்ட்' (அரசருக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்துக்கொள்பவர்) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'அரசப் பிரதிநிதி' என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். நம் பாடநூல்களில் படித்தவர்களுக்கு அரசப் பிரதிநிதி என்றால் வைஸ்ராய்தான். அரசர் லண்டனில் நலமாக இருப்பார், இவர் இங்கே அவருக்காகக் கையெழுத்துப் போடுவார். ரீஜண்ட் கதை வேறு. அரசர் சிறுபிள்ளை, அல்லது நோயாளி, அல்லது ஆளே இல்லை.

இந்த 'ஆளே இல்லை' என்பதுதான் என் கட்டுரையில் இடிக்கிறது. மார்கரெட், டென்மார்க் அரசர் நான்காம் வால்டெமாரின் மகள். பத்து வயதில் நார்வே அரசர் ஆறாம் ஹாகோனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1375இல் அப்பா இறந்ததும், மறு வருஷமே தன் சின்னப் பையன் ஓலாஃபை டென்மார்க் அரசனாகத் தேர்ந்தெடுக்க வைத்தார். 1380இல் கணவரும் போக, நார்வேயும் பையன் பெயருக்கு வந்தது. இதுவரை எந்தச் சொல்லைப் போட்டாலும் ஓடிவிடும்.

1387 ஆகஸ்ட் 3 அன்று, பதினாறு வயதில் ஓலாஃப் இறந்துபோனான். மகன் பெயரால் வந்த அதிகாரம் அவனோடு போயிருக்க வேண்டும். ஆனால் ஒரே வாரத்தில் லுண்ட் நகரில் கூடிய மன்றம் மார்கரெட்டையே தேர்ந்தெடுத்தது. அரசி என்று அல்ல. பெண் தன் உரிமையில் அரசாளும் வழக்கம் அங்கே இல்லை, ஆகவே அவர்களும் நம்மைப் போலவே சொல் தேடியிருக்கிறார்கள். முழு அதிகாரம் பெற்ற 'ஃப்ரூ', 'ஹுஸ்போண்ட்', நாடு முழுமைக்கும் 'ஃபோர்மிண்டர்' என்று மூன்றை ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். முதலாவது சீமாட்டி. இரண்டாவது வீட்டு எஜமானன், சந்தேகமே வேண்டாம், ஆண்பால்தான். மூன்றாவது, நம் பத்திரங்களில் 'மைனருக்காக அவருடைய தாயாரும் கார்டியனுமான' என்று வருமே, அந்தக் கார்டியன். மைனர் செத்துப்போனான், கார்டியன் மட்டும் மிச்சம். அதனால் நாட்டையே மைனராக்கிவிட்டார்கள்!

ஆக, 'காப்பு' வேண்டும். ஆனால் எதைத் தொட்டாலும் அங்கே ஏற்கெனவே ஓர் அரசு ஊழியர் உட்கார்ந்திருக்கிறார். காப்பாட்சியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். காப்பாளர் மாணவர் விடுதியில். சார்பாட்சியர் என்றால் சார் ஆட்சியர் என்று படித்துவிட்டு எந்தக் கோட்டம் என்று கேட்பார்கள். பொறுப்பு அரசர் என்றால் 'பொறுப்பு ஆளுநர்' மாதிரி, புது ஆள் வரும்வரை நாற்காலியைப் பார்த்துக்கொள்பவர். முடிகாப்பாளர் என்று நானே ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். வீட்டில் படித்துவிட்டு, என்ன எண்ணெய் என்று கேட்டார்கள்.

என் முன்மொழிவு: அரியணைக் காப்பாளர். அரியணையில் குழந்தை இருந்தாலும் பொருந்தும், காலியாகக் கிடந்தாலும் பொருந்தும்.

---

> நீளமாக இருக்கிறதே தம்பி. பெண் என்பதும் தெரியவில்லை. 'காப்பரசி' போடேன்.

அக்கா, காப்பரசி காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்கரெட் திருமணத்தாலேயே நார்வேக்கு அரசி. டென்மார்க்கில் அந்தப் பட்டத்தைத் தராமல்தானே மன்றம் அவ்வளவு சுற்றி வளைத்தது? அதை நாம் 'அரசி' என்று தூக்கிக் கொடுத்தால் கதையின் முடிச்சே அவிழ்ந்துவிடும். பெண் என்பது வினையிலும் தெரியாது, சரிதான். பெயரே சொல்லிவிடுகிறதே, போதாதா?

இன்னொன்று. பிரான்சில் 1483இல் பதினோராம் லூயி இறந்தபோது மகன் எட்டாம் சார்லஸுக்குப் பதின்மூன்று வயது. பையனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆன் என்ற அவன் அக்கா கைக்கும் அவள் கணவர் கைக்கும் வந்தது. ரீஜண்ட் பட்டம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. ஆனாலும் கலகம் செய்த பிரபுக்களை 1488க்குள் அடக்கியவள் அவள்தான். அவளை 'மன்னர் காப்பாளர்' என்பேன். ஒருத்தி காத்தது ஆளை, இன்னொருத்தி காத்தது அரியணையை. காப்பரசி என்றால் இரண்டும் கலந்துவிடும்.

---

> சரி, ஒப்புக்கொள்கிறேன். 1397க்கு அப்புறம் என்ன போடுவாய்?

மாட்டிவிட்டீர்கள். 1389இல் ஃபால்ஷோப்பிங் அருகே ஸ்வீடன் அரசர் ஆல்பர்ட்டைத் தோற்கடித்துச் சிறைப்பிடித்தது மார்கரெட்டின் படை. ஆறு வருஷம் உள்ளே வைத்திருந்தார். இதற்கிடையே தன் அக்காவின் பேரன் பொகிஸ்லாவைத் தத்தெடுத்து, எரிக் என்று பெயர் மாற்றி, 1397இல் கால்மரில் மூன்று நாடுகளுக்கும் ஒரே அரசனாக முடிசூட்ட வைத்தார். அதற்கு அப்புறம் அரியணையில் ஆள் இருக்கிறது, வளர்ந்தும் விட்டது. ஆனால் 1412இல் ஃப்ளென்ஸ்பர்க் துறைமுகத்தில் கப்பலிலேயே இறக்கும்வரை கடிவாளம் கிழவியிடம்தான். அந்தப் பதினைந்து வருஷத்துக்குக் கலைச்சொல் எதுவும் பொருந்தவில்லை அக்கா. 'ஆண்டார்' என்றே எழுதியிருக்கிறேன்.