செஸ்ட்நட், கெத்தாம் ஓட்டுறவங்களுக்கு உதவுற மலைச் சைக்கிள் காணொளி எது?

ஈசூன் ஹார்ட்டெயில்:

எல்லாருக்கும் வணக்கம். 29 அங்குல ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் அதிர்ச்சி தாங்கும் அமைப்புள்ள சைக்கிள்), 120 மிமீ அமுங்கும் முன் போர்க், 2.3 அங்குல டயர், உள்ளே டியூப்தான். என் எடை 70 கிலோ. சிங்கப்பூரின் செஸ்ட்நட் தடத்தில் பிரச்சினையில்லாமல் ஓட்டுகிறேன். உபின் தீவின் கெத்தாமில் கறுப்பு வைரக் குறி போட்ட கடினமான தடத்தில் ஒரு டிராப், அதாவது படி மாதிரி திடீர் இறக்கம், வந்தால் இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

காணொளி பார்த்துப் பழகலாம் என்றால் யூடியூப் காட்டுவதெல்லாம் பாலைவனம், தூசி, மலை உச்சியிலிருந்து தாவல். நம்ம ஊர் வேருக்கும் களிமண்ணுக்கும் அது எதற்கு ஆகும்? கற்றுக்கொள்ள எதைப் பார்க்கலாம், சும்மா ரசிக்க எதைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். ஸ்கேட்போர்டு, பிஎம்எக்ஸ் என்றாலும் சரி.

இன்னொன்று. நெஞ்சில் ஆக்‌ஷன் கேமரா மாட்டி எடுத்தால் செங்குத்தான இறக்கம்கூடப் பூங்கா நடைபாதை மாதிரி தெரிகிறது. ஏன்?

வேர்க்கால்:

கற்றுக்கொள்ளத்தான் என்றால் டவுன்ஹில் பந்தயங்களை, அதாவது மலையிறக்கப் பந்தயங்களைப் பாருங்கள். அதிலும் மழையில் நடந்தவை. 2011 உலக வெற்றியாளர் போட்டி, சுவிட்சர்லாந்தின் ஷாம்பேரி. செங்குத்துத் தடம், முழுக்கச் சேறு. பிரிட்டனின் டேனி ஹார்ட் இரண்டாவதாக வந்தவரை 11 வினாடிக்கும் மேலான இடைவெளியில் முந்தினார். சில வினாடிக்குள் முதல் பத்துப் பேர் அடைந்து கிடக்கிற விளையாட்டில் அது நம்ப முடியாத இடைவெளி. டயர் பக்கவாட்டில் வழுக்குகிற இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே சைக்கிள் தன்பாட்டுக்கு ஆடும், தலையும் தோளும் போகிற திசையிலேயே இருக்கும். ஈர வேரில் நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வேர் இல்லை, வேர் மேல் சக்கரம் இருக்கும்போது பிடிக்கிற பிரேக். வேருக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துவிட்டு, வேரை முடிந்தவரை குறுக்காக, விரலைத் தளர்த்திக் கடக்க வேண்டும்.

அடுத்தது 2015 உலகக் கோப்பைச் சுற்று, ஆஸ்திரியாவின் லியோகாங். அமெரிக்காவின் ஆரோன் க்வினுக்குப் புறப்பட்ட இடத்திலேயே செயின் அறுந்தது. மிதிக்கவே வழியில்லை. அப்படியும் அவர்தான் ஜெயித்தார். மேட்டின் முதுகில் உடம்பைத் தளர்த்தி, இறங்குகிற சரிவில் கையாலும் காலாலும் சைக்கிளை அழுத்தி வேகம் எடுப்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுகிற ஓட்டம் இல்லை. செஸ்ட்நட்டின் அலை அலையான பகுதிகளுக்கு இதுதான் நேரடிப் பாடம்.

எப்படிப் பார்ப்பது என்பதும் முக்கியம். கைப்பேசி வேண்டாம், கணினியில் பாருங்கள். 10 வினாடிப் பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் தடவை இயல்பான வேகம், அப்புறம் 0.25 மடங்கு வேகம். ஒரு தடவை முன் சக்கரத்தை மட்டும், ஒரு தடவை இடுப்பை மட்டும். காணொளியை நிறுத்திவிட்டு விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், காற்புள்ளி விசை பின்னே கொண்டுவரும்.

பாட்டுப் போட்ட ரீல்களை ஒதுக்குங்கள். டயர் சத்தமும் பிரேக் சத்தமும் உள்ளதைத் தேடுங்கள். வளைவுக்கு எவ்வளவு முன்னால் பிரேக் கீச்சொலி நிற்கிறது என்று காதுக்கே தெரிந்துவிடும். கிளம்புவதற்கும் தரையிறங்குவதற்கும் நடுவில் வெட்டு விழுந்த காட்சியிலும் கற்க ஒன்றுமில்லை. அந்த இரண்டும் ஒரே ஓட்டம்தானா என்பதே சந்தேகம்.

தாவுசக்கரம்:

வேர்க்கால் அண்ணன் சொன்னது சரி, ஆனா டிராப்புக்குப் பந்தயக் காணொளி உதவாது. அவங்க போற வேகத்துல டிராப் தானாவே நடந்துடும். பயிற்சியாளர்கள் பக்கத்துல நின்னு எடுத்த காணொளியைப் பாருங்க தம்பி. கேமரா பக்கவாட்டுல, தரையோட தரையா, அசையாம இருக்கணும். அதுதான் அளவுகோல். "பின்னால சாய்ஞ்சுக்கோ" மட்டும் சொல்லி முடிக்கிற காணொளியை உடனே மூடிடுங்க.

நடக்க வேண்டியது இது. சீட்டை 8 முதல் 10 செமீ இறக்குங்க, ஓட்டும்போதே சீட்டை இறக்குற டிராப்பர் இல்லேன்னா விரைவுப் பூட்டைத் திறந்து கையால இறக்கலாம். பெடல் ரெண்டும் ஒரே மட்டம், குதிகால் கொஞ்சம் கீழே. விளிம்புக்கு ஒரு சைக்கிள் நீளம் முன்னால பிரேக்கை முழுசா விட்டுடுங்க. நெஞ்சைத் தாழ்த்தி முழங்கையை மடக்குங்க. முன் சக்கரம் விளிம்பைத் தாண்டும்போது ஹேண்டில்பாரை முன்னால தள்ளுங்க. மேலே தூக்கக் கூடாது, முன்னால தள்ளணும். கை நீளும், இடுப்பு பின்னால போகும், முன் சக்கரம் விழாம மிதக்கும். பின் சக்கரமும் வெளியே வந்ததும் மறுபடி நடுவுக்கு வந்துடணும். இறங்குற இடம் சமதளம்னா ரெண்டு சக்கரமும் சேர்ந்து, சரிவுன்னா சைக்கிளும் அதே சரிவுல.

எங்கே தப்பும்? விளிம்புல பயந்து பிரேக் தொட்டா எடை முன்னால பாய்ஞ்சு, மூக்கு குத்தும். தொடக்கத்துலேயே பின்னால போய் உட்கார்ந்துட்டா கை ஏற்கெனவே நீண்டு கிடக்கும், தள்ள மிச்சமே இருக்காது. அப்ப முன் சக்கரம் கீழே போகும்போது உங்களையும் இழுத்துட்டுப் போகும். கைப்பிடியைத் தூக்கினா பின் சக்கரம் முதல்ல இடிச்சு, முன் பக்கம் பட்டுனு அடிக்கும்.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் அடுக்குமாடிப் புளோக் கீழே நடைபாதை விளிம்புல பழகுங்க. 15 செமீ உயரம் போதும். கைப்பேசியை விளிம்புக்குப் பக்கவாட்டுல 3 மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்துல வச்சு வினாடிக்கு 120 ஃபிரேமுல எடுங்க. பயிற்சியாளர் காணொளியையும் உங்களோடதையும் பக்கத்துப் பக்கத்துல வச்சா, கை எந்த ஃபிரேமுல நீளுதுன்னு பளிச்சுனு தெரியும். அது சரியான பிறகு 30 செமீ, அப்புறம்தான் கெத்தாம்.

சைக்கிளையும் பாருங்க. 120 மிமீ போர்க்குன்னா ஏறி நின்னா 24 மிமீ அமுங்கணும், அதாவது 20 சதவீதம். ரீபவுண்டு, அதாவது அமுங்கின போர்க் திரும்ப எழுற வேகம், ரொம்ப மெதுவா இருந்தா அடுத்தடுத்து வேர் வரும்போது போர்க் எழ நேரமே இல்லாம அமுங்கியே கிடக்கும், மூணாவது வேருல கை அதிரும். டியூப்போட 70 கிலோன்னா முன்னால 26, பின்னால 29 பிஎஸ்ஐ. அதைவிடக் குறைச்சா கல்லுல ரிம் இடிச்சு டியூபுல பாம்பு கடிச்ச மாதிரி ரெட்டை ஓட்டை விழும். டியூப்லெஸ் மாத்துனா 22, 25னு இறக்கலாம், பிடிமானம் வேற லெவல். டயருக்கு 100 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்) ஊத்துங்க. நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ஞ்சிடும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை வால்வு வழியா குச்சி விட்டுப் பாருங்க.

ஷட்டர் 240:

இறக்கம் ஏன் தட்டையாகத் தெரிகிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில்.

மூன்று காரணம். முதலாவது அகலக்கோண லென்ஸ். தூரத்தில் இருப்பதை இன்னும் தூரமாகவும் சிறிதாகவும் காட்டும், அதனால் தடம் நீண்டு படுத்துக்கொள்கிறது. இரண்டாவது, நெஞ்சுக் கேமரா உங்கள் உடம்போடு சேர்ந்து சாய்கிறது. சரிவு 20 பாகை என்றால் கேமராவும் கிட்டத்தட்ட அவ்வளவே குனிகிறது, எனவே தரை படத்தில் நேராகவே இருக்கும். சாய்வை ஒப்பிட எதுவும் இல்லை. மூன்றாவது மென்பொருள் நிலைப்படுத்தல், மிச்சமிருக்கிற குலுக்கலையும் துடைத்துவிடுகிறது.

சரிசெய்ய: பார்வைக்கோணத்தை லீனியருக்கு (விளிம்பு வளையாமல் காட்டும் அமைப்பு) மாற்றுங்கள். கேமராவைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, ஹேண்டில்பார் படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கட்டும், மரத் தண்டுகள் நிறையத் தெரியட்டும். தண்டு செங்குத்தாக நிற்கிறது என்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் சரிவு புரியும். முழு முகத் தலைக்கவசம் இருந்தால் தாடைப் பகுதியில் மாட்டுவது நெஞ்சைவிட நல்லது. உண்மையான செங்குத்து வேண்டுமென்றால் பக்கத்திலிருந்து நிலையாக எடுப்பதைத் தவிர வழியில்லை.

புக்கிட் தீமா, செஸ்ட்நட் இரண்டிலும் மரநிழல் அடர்த்தி. எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டால் ஷட்டர் மெதுவாகிவிடும். ஒவ்வொரு ஃபிரேமும் மங்கலாகப் பதிவாகும், நிலைப்படுத்தல் அந்த மங்கலை நேராக்கப் பார்க்கும், படம் நடுங்கும். ஷட்டர் 1/240 வினாடியைவிட மெதுவாகக் கூடாது. ஐஎஸ்ஓ உச்சவரம்பு 1600, காலை 8 மணிக்கு முன்னால் என்றால் 3200. வெண்சமநிலையை 5500 கெல்வினில் பூட்டுங்கள், இல்லாவிட்டால் இலைகளைப் பார்த்துப் பார்த்து நிறம் மாறிக்கொண்டே இருக்கும். இலை இடுக்கில் வானம் வெளுத்துப் போகாமலிருக்க வெளிச்சத்தை அரைப் படி குறைத்து வைக்கலாம்.

4கே, 60 ஃபிரேம், வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி அட்டை ஒன்றரை மணி நேரத்துக்குக்கூட வராது. வி30 குறி உள்ள அட்டை வாங்குங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். அந்த நேரத்தில் மின்கல மூடியைத் திறந்தால் ஈரக்காற்று உள்ளே போய்விடும், பிறகு ஓட்டம் முழுக்க உள்பக்கக் கண்ணாடியில் வெள்ளைத் திட்டுதான்.

நிலையாக எடுக்கக் காட்டுக்குள் இறங்காதீர்கள். இயற்கை வனப்பகுதியில் குறித்த தடத்தை விட்டு வெளியேறுவது குற்றம். தடத்தின் ஓரத்திலேயே சின்ன முக்காலி போதும். கேமராவைத் தனியே விட்டுவிட்டு மேலே ஏறவும் வேண்டாம், புக்கிட் தீமாக் குரங்குகளுக்கு எது யாருடையது என்ற கவலை கிடையாது. டிரோன் யோசனை இருந்தால், பூங்காக்களிலும் வனப்பகுதிகளிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவும் கட்டாயம்.

பாசிர் ரிஸ் பழசு:

எல்லாரும் பாடமே நடத்துறீங்களே! ரசிக்கவும் கேட்டிருக்கார்ல.

ஸ்காட்லாந்து சைக்கிள்காரர் டேனி மக்காஸ்கில் 2009ல எடின்பரோ நகரத்துல எடுத்த காணொளியிலிருந்து தொடங்குங்க. கூர்முனை இரும்பு வேலி மேல சக்கரத்தை ஓட்டுறார், வேற எதுவும் சொல்ல வேணாம். அப்புறம் 2014ல ஸ்கை தீவின் குயிலின் மலைமுகட்டுல எடுத்தது. டிரோன் காட்சிக்கு அதுதான் இலக்கணம். டிரோன் அவரைத் துரத்தாது, ஒதுங்கி நின்னு மலையையும் ஆளையும் சேர்த்துக் காட்டும். ஷட்டர் 240 சொன்ன சரிவு விஷயம் அதுல அப்பட்டமா விளங்கும்.

அவர் டிரயல்ஸ் ஆள், அதாவது காலை ஊன்றாம தடைகளைக் கடக்கிற வகை. அதனால உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. நின்ன இடத்துலேயே சமநிலை பிடிக்கிறதை மட்டும் கவனிங்க. லேசான ஏற்றத்துல நின்னு, முன் பெடல் எந்தக் காலோ அந்தப் பக்கம் சக்கரத்தை 45 பாகை திருப்பி, லேசான கியர்ல அழுத்திப் பிடிச்சு, பின்னால நழுவும்போது மறுபடி அழுத்தணும். கெத்தாமோட குறுகலான திருப்பத்துல காலை ஊன்றாம வழி பார்க்க இது கை கொடுக்கும்.

நீங்க கிண்டல் பண்ண பாலைவனம் ரெட்புல் ராம்பேஜ் போட்டியா இருக்கும். அமெரிக்காவுல யூட்டா மாநிலம், வர்ஜின்கிற சின்ன ஊர், 2001லிருந்து நடக்குது. ஓட்டுறவங்களும் அவங்க சின்னக் குழுவும் மண்வெட்டி பிடிச்சுத் தங்கள் வழியைத் தாங்களே வெட்டுறாங்க, நான் பார்க்கிறதே அந்த வெட்டுற காட்சிகளுக்காகத்தான். 2013ல நியூசிலாந்தின் கெல்லி மக்கேரி 72 அடிப் பள்ளத்தைப் பின்குட்டிக்கரணம் போட்டுத் தாண்டினார். அதை முதல்ல ஹெல்மெட் கேமராவுல பாருங்க, அடுத்து ஒளிபரப்புக் கேமராவுல. ஒரே தாவல்தானான்னு கேப்பீங்க. 2024லிருந்து பெண்களுக்கும் தனிப் போட்டி இருக்கு, விட்டுடாதீங்க.

ஸ்கேட்போர்டுன்னா 1999 எக்ஸ் கேம்ஸ்ல டோனி ஹாக் அந்தரத்துல 900 பாகை, அதாவது ரெண்டரைச் சுத்து, சுத்தினது. கடைசி வெற்றி மட்டும் வெட்டிப் போட்டதை வேணாம், அதுக்கு முன்னால விழுந்ததெல்லாம் சேர்ந்ததைத் தேடுங்க. ஒவ்வொரு தடவையும் எதை மாத்துறார்னு பார்க்கிறதுலதான் சுவாரசியம். அலைச்சறுக்கு எனக்கு ஒட்டவே இல்லை, அதை வேற யாராவது சொல்லட்டும்.

ஈசூன் ஹார்ட்டெயில்:

நன்றி அண்ணன்களே. தாவுசக்கரம் அண்ணே, ஒரு சந்தேகம். டிராப்புக்கு எவ்வளவு வேகம் வேணும்? மெதுவாகப் போனால் முன் சக்கரம்தான் முதலில் விழுகிறது.

தாவுசக்கரம்:

மெல்லோட்ட வேகம், மணிக்கு 10, 12 கிமீ போதும் தம்பி. முன் சக்கரம் விளிம்பைத் தாண்டி பின் சக்கரம் தாண்டுற வரைக்கும் முன் பக்கம் அந்தரத்துல இருக்கணும். மெதுவாப் போனா அந்த நேரம் நீளும், அதனால அதே அளவுக்குத் தள்ளுறதும் நீளணும். 120 ஃபிரேம் படத்துல எண்ணிப் பாருங்க. முன் சக்கரம் வெளியே வந்து 5, 6 ஃபிரேமுக்குள்ளேயே கை முழுசா நீண்டுட்டா அவசரப்பட்டுத் தள்ளுறீங்க. பின் சக்கரம் வெளியே வர்ற வரைக்கும் அந்த நீட்டலைப் பரப்பணும். வேகத்தைக் கூட்டி இதை மறைக்காதீங்க, கெத்தாமுல சில டிராப்புக்கு அப்புறம் உடனே திருப்பம் வரும்.

கெத்தாமுக்காக உபின் போறப்ப ரெண்டு டியூப், பம்ப், 4, 5, 6 மிமீ ஆலன் சாவி, உங்க சைக்கிளுக்குப் பொருந்துற டிரெயிலியர் ஹேங்கர் (பின் கியர் மாத்தியைச் சட்டத்தோட இணைக்கிற துண்டு) ஒண்ணு எடுத்துக்குங்க. சைக்கிள் கடையெல்லாம் படகுத்துறைப் பக்கம்தான், கெத்தாமுல ஹேங்கர் வளைஞ்சா தள்ளிக்கிட்டேதான் திரும்பணும். படகுல ஏத்தும்போது டிரெயிலியர் இருக்கிற பக்கம் மேலே வர்ற மாதிரி வைங்க.